சொந்தப் பாரம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையில் வடக்கே நடந்து, வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி ஃபேரர் பார்க் பக்கம் போனால் ஓவன் சாலை சந்திப்பு வரும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகலில் அந்த முனையில் நின்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து குவியலானது. கீழ்த்தளத்தில் வங்கி, மேலே ‘ஹோட்டல் நியூ வேர்ல்டு’ என்ற தங்கும் விடுதி. இடிபாட்டுக்குள் ஐம்பது பேர் சிக்கினார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். 33 பேர் இறந்தார்கள்.

ஏன் சரிந்தது என்று ஆராய்ந்த விசாரணைக் குழு கண்ட காரணம் இன்று படித்தாலும் நெஞ்சை அடைக்கிறது. கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர் அதற்குள் வரப்போகும் மனிதர்களின் எடையைச் சேர்த்திருந்தார். மேசை நாற்காலிகளின் எடையைச் சேர்த்திருந்தார். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. 1971-ல் எழுந்த கட்டடத்தின் தூண்கள் அந்தக் கணக்கில் வராத பாரத்தைப் பதினைந்து ஆண்டு சுமந்தன. உள்ளுக்குள் நைந்துகொண்டே வந்து ஒரு நாள் விட்டுவிட்டன.

மன நோயால் வேலையை விட நேர்ந்த காவல்துறை அதிகாரிகள், அந்த நோய்க்கு ஓய்வூதியமோ இழப்பீடோ கேட்டு நடத்தும் வழக்குகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தூண்கள் நினைவுக்கு வருகின்றன. ஊரின் பாரத்தை அவர்கள் தோளில் ஏற்றும்போது எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம். அவர்கள் மனம் தாங்கும் பாரத்தை அதில் சேர்க்கிறோமா? தேக்காவின் தெருக்களில் நின்றுகொண்டே இந்தக் கேள்வியை அன்றைக்கும் இன்றைக்குமாக வைத்துப் பார்க்கலாம்.

அன்று நிலைமை என்ன? சிங்கப்பூர்க் காவலர்கள் கண்ட கோரங்கள் கொஞ்சமல்ல. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். 1955 மே மாதம் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் கலவரத்தில் இறந்த நால்வரில் இருவர் போலீஸ்காரர்கள். 1964 ஜூலை இனக் கலவரத்தில் 23 பேரும், செப்டம்பரில் 13 பேரும் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் பிணங்களைத் தூக்கியவர்களும், ரத்தம் காயாத தெருவில் இரவெல்லாம் காவல் நின்றவர்களும் மறுநாள் காலை சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மீண்டும் வேலைக்குப் போனார்கள்.

உடம்பில் காயம் பட்டவருக்கு மருத்துவமனை இருந்தது. மனத்தில் பட்டவருக்கு? இயோ சூ காங்கில் 1928-ல் திறந்த மனநோய் மருத்துவமனைக்கு 1951-ல் ‘வூட்பிரிட்ஜ்’ என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயரும் சீக்கிரமே வசைச் சொல்லாகிப் போனது. பிள்ளைகள் சண்டையில் ஒருவரையொருவர் ‘வூட்பிரிட்ஜ்’ என்று திட்டிக்கொண்ட காலத்தில் எந்தப் போலீஸ்காரர் தன் கால்களால் நடந்து அங்கே போயிருப்பார்? நோய்க்குப் பெயரும் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலை ஒரு தனி நோயாக அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980-ல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட பாடு அதற்குப் பின்னால் இருந்தது. ஓவன் சாலையில் கட்டடம் சரிந்தபோது அந்தப் பெயருக்கு வயது ஆறு.

பெயரில்லாத நோய்க்கு வீடுகளில் வேறு பெயர்கள் வைத்தோம். ‘அவருக்குக் கோபம் அதிகம்.’ ‘ரிட்டயர் ஆனதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை.’ ‘குடிக்க ஆரம்பித்துவிட்டார்.’ காவலர் குடும்பங்களில் இந்த வாக்கியங்களைக் கேட்காதவர்கள் குறைவு. இவற்றில் எத்தனை, கணக்கில் வராத பாரத்தின் விரிசல்கள் என்பதை இனி யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

அன்று அந்த வேலைக்குப் பெரிய மரியாதை இருந்தது, அந்த மரியாதைக்கு அடியில் பென்ஷன் இருந்தது. ‘கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம்’ என்பது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வேதவாக்கு. ஆயினும் காலனி ஆட்சியிலிருந்து வந்த ஓய்வூதியச் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு: ஓய்வூதியமோ பணிக்கொடையோ எந்த அதிகாரிக்கும் முழுமையான உரிமை ஆகாது. அந்த நம்பிக்கை கல்லில் நின்றாலும் சட்டத்தின் எழுத்து மணலில்தான் நின்றது. பிறகு 2001-ல் உள்துறைச் சீருடைப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. ‘இன்வெஸ்ட்’ திட்டத்தில் ஒவ்வோர் அதிகாரியின் பெயரிலும் கணக்குத் திறந்து, பணியாற்றும் ஆண்டுகளுக்கு ஏற்ப அரசு பணம் சேர்க்கத் தொடங்கியது. மாதம் பிறந்தால் வரும் பென்ஷன் போய்ச் சேமிப்புக் கணக்கு வந்தது. இரண்டும் உழைத்த ஆண்டுகளை அளக்கின்றன. அந்த ஆண்டுகள் மனத்தில் என்ன செய்தன என்பதை அளப்பது வேறு ஒரு கணக்கு.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தேக்காவுக்கு ஞாயிறு என்றால் திருவிழா. வாரம் முழுதும் கட்டுமானத் தளங்களில் கிடந்த நம் பிள்ளைகள் அன்றைக்குத்தான் ஊர்க்காரர்களைப் பார்ப்பார்கள், பணம் அனுப்புவார்கள், வாழையிலையில் சாப்பிடுவார்கள். இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சேரும் இடத்தில், தங்குவிடுதிக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்துக்கு அடியில் சிக்கி 33 வயதுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் 23 அவசரகால வாகனங்கள் சேதமாயின. அவற்றில் ஐந்து எரிந்தன. கடமையில் இருந்த அதிகாரிகள் 54 பேருக்கும் பொதுமக்கள் எட்டுப் பேருக்கும் காயம்.

அந்த இரவில் கற்களும் போத்தல்களும் பறந்துகொண்டிருக்க, குடிமைத் தற்காப்புப் படையினர் பேருந்துக்கு அடியிலிருந்து உடலை மீட்டார்கள். அவர்களும் காவலர்களும் சேர்ந்து, கூட்டம் குறிவைத்த ஓட்டுநரையும் நேரக் காப்பாளரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். அதே இரவில், அவசர மருத்துவ வாகனத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த அதிகாரிகள் சிலர் வெளியே பாய்ந்து ஓடும் காணொளியும் பரவியது. பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள், ‘போலீஸ்காரனே ஓடுகிறான்’ என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்று நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? கல் பட்ட காயம் ஆறிய பிறகும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

கலவரத்தை விசாரிக்க, முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான நால்வர் குழு 2014-ன் தொடக்கத்தில் 24 நாள் சாட்சியம் கேட்டது. 93 பேர் வந்து பேசினார்கள். காவல்துறைக்கு இன்னும் ஆயிரம் பேர் வேண்டும் என்று அன்றைய காவல்துறை ஆணையர் இங் ஜூ ஹீ அந்தக் குழுவின் முன்னால் சொன்னார். ஜூன் மாத இறுதியில் அறிக்கை வெளியானது.

இன்றைய தேக்கா அந்த அறிக்கைக்குப் பிறகு உருவான தேக்கா. 2015 ஏப்ரல் முதல் தீவு முழுக்க இரவு பத்தரை மணிக்குப் பிறகு பொது இடத்தில் மது அருந்தத் தடை. தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. இங்கே சனிக்கிழமை காலை ஏழிலிருந்து திங்கட்கிழமை காலை ஏழு வரை பொது இடத்தில் மது கூடாது. கேமராக்கள் கூடின, விளக்குகள் கூடின, பேருந்துக்கு வரிசை பிடிக்கும் இடங்கள் ஒழுங்காயின. ஓவன் சாலை விபத்துக்குப் பிறகும் அப்படித்தான் நடந்தது. 1986-ல் இயற்றிய சட்டத்தின் கீழ் வளர்ந்த குடிமைத் தற்காப்புப் படை 1989-ல் தீயணைப்புப் படையோடு இணைந்தது. கட்டட விதிகள் இறுகின. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இந்த ஊர் கல்லையும் கம்பியையும் திருத்திக்கொள்ளத் தவறியதில்லை, இது பெருமையாகச் சொல்ல வேண்டிய செய்தி.

மனத்தின் பக்கமும் காற்று மாறித்தான் இருக்கிறது. வூட்பிரிட்ஜ் 1993-ல் புவாங்கோக்குக்குக் குடிபெயர்ந்து மனநலக் கழகம் ஆனது. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்ற பிரிவு 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் இல்லை. அதற்கு முன், உடைந்துபோன ஒரு மனிதரைக் கைது செய்யும் நிலையில் காவலர் இருந்தார். இன்று அவரை மருத்துவரிடம் சேர்ப்பவராக நிற்கிறார். காவல்துறைக்குள்ளேயே உளவியலாளர்கள் பணியாற்றுகிறார்கள். மனநல உதவிக்கு 1771 என்ற தேசிய எண் இருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநிலைக் கோளாற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைப் பாகுபாடு என்றே சொல்கிறது.

ஆனால் காசு என்று வரும்போது கதை வேறு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கட்டுமானத் தொழிலாளி வருவார், அலுவலகக் கணக்கர் வருவார். போலீஸ், ராணுவம், குடிமைத் தற்காப்பு, சிறைத்துறை போன்ற சீருடைப் பணியாளர்கள் வரமாட்டார்கள். அவர்களுடைய இழப்பீட்டை அவரவர் துறையின் ஏற்பாடுகள் பார்த்துக்கொள்கின்றன. காயம் பணியில் நேர்ந்ததா, எந்த அளவு என்ற முடிவு துறையின் வட்டத்துக்குள்ளேயே பெரிதும் அடங்கிவிடுகிறது. நீதிமன்றத்துக்குப் போனாலும் வாசற்படி உயரமானது. மன பாதிப்புக்கு இழப்பீடு கேட்பவருக்கு மருத்துவம் அங்கீகரித்த மனநோய் இருந்தாக வேண்டும், துக்கமும் பயமும் மட்டும் போதாது என்ற ஆங்கிலேய மரபை 2008-ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு சாலை விபத்து வழக்கில் உறுதி செய்தது.

ஒரு காவலரை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இவர் என் கற்பனை, ஆனால் இவர் படும் பாடு கற்பனை அல்ல. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். கலவர இரவுக்குப் பிறகு இரண்டு வாரத்தில் நெற்றித் தையல் பிரித்தாயிற்று. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் தூக்கில் தொங்கியவர்களை இறக்கியிருக்கிறார், சாலையில் நசுங்கிய பிள்ளையை அதன் தாய்க்கு அடையாளம் காட்டியிருக்கிறார். எட்டாவது ஆண்டில் தூக்கம் போகிறது. “ஏங்க, தீபாவளிக்குச் சாமான் வாங்கணும், தேக்காவுக்குப் போயிட்டு வரலாமா?” என்று மனைவி கேட்டால், “நீ பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வா” என்கிறார். மூன்று தீபாவளி இப்படியே போகிறது. “அப்பா ஏம்மா தேக்காவுக்கே வர்றதில்ல?” என்று மகள் கேட்கிறாள். பத்தாவது ஆண்டில் அவரால் வேலைக்கும் போக முடியவில்லை.

மருத்துவ வாரியத்தின் முன் அவர் உட்காரும்போது கேள்விகள் வரிசையாக வரும். எந்தச் சம்பவத்தால் வந்தது? அப்போதே ஏன் சொல்லவில்லை? குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா? கடன் உண்டா? அதே இரவில் பணியில் இருந்த மற்றவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. பொதுப் பணத்தைக் காப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். எல்லாம் சேரும்போது அது ஒரு சுவர் ஆகிவிடுகிறது. அப்போதே சொல்லியிருந்தால் துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பார்கள், பதவி உயர்வு நின்றிருக்கும் என்ற பயத்தில்தான் அவர் சொல்லவில்லை. அவர் வாய்மூடி இருந்த ஆண்டுகளே இப்போது அவருக்கு எதிரான சாட்சி. ஓவன் சாலைத் தூண் எந்தத் தேதியில் உடைந்தது என்று கேட்டால் 1986 மார்ச் 15 என்று சொல்லலாம், ஆனால் அது நைய ஆரம்பித்தது 1971-ல்.

வேறு நாடுகளில் இந்தச் சுவரில் மோதியவர்களின் வழக்குகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்துபோனார்கள். காவல்துறையின் மேலதிகாரிகள் செய்த பிழைகள் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று பின்னால் நிலைநாட்டப்பட்டது. அந்தக் களத்தில் உடல்களைத் தூக்கி, மூச்சு கொடுத்துப் பார்த்துத் தோற்ற சாதாரணக் காவலர்கள் சிலர் மன பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1998 டிசம்பரில் பிரபுக்கள் சபை பெரும்பான்மைத் தீர்ப்பில் அதைத் தள்ளியது. அவர்கள் உயிருக்கு ஆபத்து இல்லை என்பது ஒரு காரணம். பிள்ளையையும் சகோதரனையும் இழந்த உறவினர்களின் வழக்கு 1991-ல் தோற்றிருக்க, காவலர்களுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது காரணம் என்னை இன்னும் அலைக்கழிக்கிறது. ஒருவருக்கு அநியாயம் நடந்ததால் மற்றவருக்கும் நடக்கட்டும் என்று நியாயத்தைச் சமன் செய்ய முடியுமா? ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்று பார்த்தால் விடை தெரியும். அங்கே இறந்தவர் நம் ஊர்ப் பிள்ளை. அதைப் பார்த்த தொழிலாளர்களின் மனத்திலும் காயம் உண்டு, கல்லடி பட்ட காவலரின் மனத்திலும் காயம் உண்டு. ஒருவர் காயத்தை மற்றவர் காயத்தின் மேல் வைத்து எடை போட்டால் இரண்டையும் இழப்போம்.

வட அயர்லாந்தில் குண்டுகளுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே பணியாற்றிய 5,000-க்கும் மேற்பட்ட காவலர்களும் முன்னாள் காவலர்களும் தங்கள் துறைக்கு எதிராகவே திரண்டார்கள். மன அழுத்தத்தைக் கண்டுகொள்ளவும் கவனிக்கவும் துறை தவறிய இடங்கள் இருந்தன என்று 2007-ல் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் ஏற்றது. இங்கிலாந்தில், பணிக் காயத்துக்கான ஓய்வூதியம் கிடைத்த பிறகும் நிம்மதி இல்லாதவர்கள் இருந்தார்கள். மறு ஆய்வு என்ற பெயரில் ‘உன் நோய் பணியால்தான் வந்ததா’ என்று பழைய கேள்வியை மறுபடி தோண்டினார்கள். முன்பு கொடுத்த முடிவுக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம், வேரைத் தோண்டக் கூடாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவைப் பாருங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ராணுவ வீரரின் வலிப்பு நோய் வழக்கில், சேரும்போது பதிவாகாத நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றது. 2019-ல் மனச்சிதைவு நோய்க்கு ஆளான இன்னொரு வீரரின் வழக்கில் தொனி மாறியது. மனநோய் சேரும்போது கண்டுபிடிக்க முடியாமல் ஒளிந்திருக்கலாம், ஆகவே மருத்துவ வாரியத்தின் சொல்லுக்கே மதிப்பு என்று ஓய்வூதியத்தை மறுத்தது. உடம்பின் நோய்க்குக் கிடைத்த நம்பிக்கை மனத்தின் நோய்க்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் மன உளைச்சலோடு போராடிய அதிகாரி ஒருவர் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. நடத்தை என்று தண்டித்ததன் பின்னால் நோயும் ஒரு காரணமாக இருந்தால் அது பாகுபாடு என்றது. பொருந்தாத பணி என்றால் சம்பளம் குறையாமல் வேறு பணி கொடுங்கள், துப்பாக்கி வேண்டாம் என்றால் கொடுக்காதீர்கள் என்றது. ஒரு மனிதரைத் தூக்கி எறியாமலே பொதுமக்களின் பாதுகாப்பையும் காக்க முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு நடைமுறையாகவே காட்டியது.

வழி இல்லாமல் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் 2012-லும் ஒன்டாரியோ 2016-லும் சட்டத்தைப் புரட்டிப் போட்டன. போலீஸ்காரருக்கோ தீயணைப்பாளருக்கோ பேரதிர்ச்சி நோய் என்று மருத்துவர் உறுதி செய்தால், அது பணியால் வந்தது என்பதே தொடக்க நிலை. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நோயாளியின் தோளிலிருந்து நிரூபிக்கும் பாரம் இறங்குகிறது. ஏமாற்றுபவர்கள் நுழைந்துவிடுவார்களே என்று கேட்கலாம். மருத்துவர் நோயை உறுதி செய்யும் படி அங்கேயும் இருக்கிறது, அது குறுக்கே நிற்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். சீருடை அணிந்தவர் தன் நோயைச் சொன்ன நாளிலிருந்து அவர் பதவி பாதுகாப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் முதல் விரிசலிலேயே சொல்வார், பத்தாவது ஆண்டு வரை காத்திருக்க மாட்டார். ஒரே சம்பவம், ஒரே தேதி என்று கேட்காமல் பணிக்காலம் முழுவதும் சேர்ந்த பாரத்தைப் பார்க்க வேண்டும். மறுக்கும் வாரியம் ஏன் மறுக்கிறது என்று எழுதித் தர வேண்டும், அதை வெளியில் உள்ள ஒருவர் மறுபடி பார்க்க வழி இருக்க வேண்டும். கொடுத்த பிறகு வேரைத் தோண்டக் கூடாது.

ஓவன் சாலை முனையில் பிறகு வேறொரு விடுதியைக் கட்டினார்கள். அதன் சொந்த எடையைச் சேர்க்காமல் எந்தப் பொறியாளரும் அங்கே கையெழுத்துப் போட்டிருக்க முடியாது, 33 உயிர்கள் கற்றுக்கொடுத்த கணக்கு அது. ஞாயிறு மாலைகளில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நிற்கும் இளம் காவலர்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கும் அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இவர்களில் யாரும் பத்து ஆண்டு கழித்து, மனைவியோடும் மகளோடும் தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்கு வர முடியாதவராக ஆகிவிடக் கூடாது.